கொம்பையாவுக்கு விழாத அடி

"ஐயா, என்னை மட்டும் ஏன் ஒரு நாளும் அடிச்சதில்லை?"

பாடம் நடக்கிற கூடத்து வாசலில் நின்றுகொண்டு கொம்பையா இப்படிக் கேட்டான். வேறொரு நாளாக இருந்தால் மற்ற சீடர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். அடி விழவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிற முப்பது வயது ஆளை யார் பார்த்திருக்கிறார்கள்?

இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவன் சுடுகாட்டிலிருந்து நேரே வந்திருந்தான்.

பக்கத்து ஊர் பொன்னுத்தாயிக்கு வாத நோய். கொம்பையா மருந்து செய்து கொடுத்தான். குரு பக்கத்தில் இல்லாமல் அவன் தனியாகச் செய்த முதல் மருந்து. மூன்றாம் நாள் அவளுக்கு உடம்பெல்லாம் இழுத்துக்கொண்டது. பொழுது சாயுமுன் செத்துப்போனாள்.

வைத்தியர் அம்பலவாணர் மெல்ல எழுந்தார்.

"எட்டிக்கொட்டையை விஷம் போக எப்படிச் சுத்தி செஞ்சே?"

"ஊறவெச்சேன் ஐயா. தோலை உரிச்சேன். பால்ல வேகவெச்சேன்."

"உள்ளே இருக்கிற முளை?"

"எடுக்கலை. எடுக்கணும்னு தெரியாது."

"நான் சொல்லிக் கொடுத்த மருந்துப் பாட்டுல இருக்கேப்பா! நாலாவது அடி!"

"ஆமாங்கய்யா. இன்னைக்குச் சுடுகாட்டுக்குக் கூட வந்த சதாசிவம் சொல்லித்தான் தெரியும். அவனும் அந்த அடியை விட்டானாம். வைத்தியர் வீட்டுல பொறந்துட்டு இதை விடலாமாடான்னு பிரம்பால விளாசினீங்களாம். கை வீங்கிப்போய் நூறு தடவை சொன்னானாம்."

அவன் பின்னால் நின்ற சக சீடன் சதாசிவம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் விட்டப்போ என்ன சொன்னீங்க ஐயா?"

அம்பலவாணரின் பார்வை சுவரோரப் பிரம்புக்குப் போனது.

"பரவாயில்லையே, ஆட்டுக்கிடையிலிருந்து வந்தவன் இவ்வளவு சொல்றானேன்னு முதுகுல தட்டிக் கொடுத்தீங்க."

"உன் மேல இருந்த பிரியத்துல சொன்னேன்ப்பா."

"தெரியும் ஐயா. எனக்குத் தலைகால் புரியலை. ஆத்தாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவ ஊரெல்லாம் சொன்னா."

சொல்லும்போதே கொம்பையாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த ஒரு தட்டுக்காக எத்தனை நாள் ஏங்கியிருந்தான்! அது கிடைத்த சந்தோஷத்தில், பாட்டை முழுசாகச் சொன்னோமா என்று கேட்க அவனுக்கும் தோன்றவில்லை.

அம்பலவாணர் சுவரோரம் இருந்த பிரம்பை எடுத்து வந்தார். அதை அவன் கையில் வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை நீட்டினார்.

"அடி."

கொம்பையா பிரம்பைக் கீழே வைத்தான்.

"சரி, கிளம்பு. அந்த வீட்டுக்குப் போவோம். தப்பு என்னோடதுன்னு சொல்லி அவ புருஷன் கால்ல விழுறேன்."

"அவர் நம்ப மாட்டார் ஐயா."

"ரொம்பக் கோபமா இருக்காரா?"

"கோபமே இல்லை. அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்."

"ஆறுதலா? என்னன்னு?"

"உன்னைச் சொல்லிக் குத்தமில்லைய்யா, ஆடு மேய்க்கிற வம்சத்துக்கு வைத்தியம் எப்படி வரும்னார்."