லாமா பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சுதான். தென் அமெரிக்காவில் உயரமான மலை ஒன்றில் வெள்ளி கிடைத்தது. கடல் தாண்டி வந்த ஸ்பெயின்காரர்கள் அதன் அடிவாரத்தில் ஒரு நாணயச்சாலை கட்டினார்கள். வெள்ளித் துண்டை இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். ஒரு பக்கம் சிலுவை விழும், மறுபக்கம் அரசனின் சின்னம். எடை கூடினால் ஓரத்தைக் கத்தரியால் நறுக்குவார்கள். அதனால் எந்தக் காசும் வட்டமாக இருக்காது. ஒன்றைப் போல இன்னொன்றும் இருக்காது.

அங்கே சம்மட்டி அடித்தவன் குசி, அந்த மலைநாட்டுக்காரன். சுரங்கத்திலிருந்து வெள்ளியைச் சுமந்து வந்தது சும்பி என்ற பெண் லாமா; ஒட்டக இனத்தைச் சேர்ந்த, திமில் இல்லாத கம்பளி விலங்கு அது. சுமை உராய்ந்து சும்பியின் முதுகில் புண் வந்தபோது, குசியின் மனைவி சீசா தினமும் வந்து பச்சிலை அரைத்துப் பூசினாள்.

விலங்குகள் பொய் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. வழக்கு என்று வந்தால் பத்து மனிதர் சொல்வதைவிட ஒரு லாமா சொல்வதுதான் செல்லும்.

நறுக்கி விழும் வெள்ளித் துணுக்குகள் மறுபடி உலைக்குப் போக வேண்டும். மேற்பார்வையாளன் கஸ்பார் அதில் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி எடுத்து, சும்பியின் சுமைப்பையில் ஒளித்து வெளியே கடத்தினான். ஒருநாள் காவலர்கள் பையைச் சோதித்தார்கள். துணுக்குகள் அகப்பட்டன. நீதிபதி விசாரிக்க வருவதற்குள் கஸ்பார் கொட்டிலுக்குப் போய், கைப்பிடி அளவு உப்புக்கட்டி ஒன்றைச் சும்பியின் முன்னால் வைத்தான். குசியின் பெயரைச் சொன்னால் போதும் என்றான்.

சும்பி உப்பை ருசித்து மாதக்கணக்காகியிருந்தது. ஒரு முறை நக்கிப் பார்த்தது. பிறகு முழுவதையும் தின்றுவிட்டது.

நீதிபதி கேட்டார்: "இதைப் பையில் போட்டது யார்?"

சும்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "குசி" என்றது.

குசி வாதாடவில்லை. தன் காதில்தான் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது போல லாமாவையே பார்த்துக்கொண்டு நின்றான். சுரங்கத்துக்குள் வேலை செய்யும்படி தண்டனை விதித்து அவனைக் கூட்டிப்போனார்கள்.

மறுநாள் காலையில் சீசா வழக்கம்போலப் பச்சிலைக் கிண்ணத்தோடு வந்தாள். புண்ணைத் துடைத்து மருந்து பூசினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நீ சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். என்னிடம் ஏன் மறைத்தார் என்றுதான் புரியவில்லை."

சும்பிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் கை படும் இடமெல்லாம் எரிந்தது. கஸ்பாரிடம் உப்பு வாங்கித் தின்று பொய் சொன்னதை அவளிடமே சொன்னது. சீசாவின் கை நின்றுவிட்டது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

சும்பி நீதிபதியிடம் ஓடியது. தான் சொன்னது பொய் என்றும், திருடியவன் கஸ்பார் என்றும் சொன்னது.

"நேற்றும் உன் வாய்தான் சொன்னது, இன்றும் உன் வாய்தான் சொல்கிறது. இதில் எதை நான் நம்புவது?" என்று கேட்டார் அவர். தீர்ப்பு மாறவில்லை. இனி எந்த விலங்கின் சாட்சியும் செல்லாது என்று மட்டும் எழுதிவைத்தார்.

சில மாதங்கள் கழித்து, சுரங்க வாசலில் சுமைக்காக நின்றிருந்த சும்பி குசியைப் பார்த்தது. இளைத்துப்போயிருந்தான், இருமிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்து அதன் கழுத்தில் கை வைத்து, ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தான். சும்பிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அந்த வாயால் எதைச் சொன்னாலும் அவனுக்குச் சந்தேகம்தான் வரும் என்று பட்டது. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டது. தொண்டைக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்ற முனகல் மட்டும் வந்தது. குசி கையை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே இறங்கினான்.

லாமாக்கள் வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே முனகத் தொடங்கியது அந்த நாளில்தான். இன்றைக்கும் யாராவது அருகில் போய்க் கழுத்தைத் தொட்டால், அவை முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படித்தான் முனகுகின்றன.