நிழல் பார்த்து விட்ட உண்ணி

முதலில் ஒரு விடுகதை. பதில் தெரிந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறக்கும்போது ஆறு கால். வளர்ந்தபின் எட்டுக் கால். ஆயுள் முழுவதற்கும் மூன்றே வேளைச் சாப்பாடு. மூன்றாவது வேளை வயிறு முட்ட உண்டதும் கீழே விழும். இரண்டாயிரம், மூவாயிரம் என்று முட்டையிடும். பிறகு செத்துப்போகும். அது என்ன?

சிலந்தி என்றவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். மாட்டின் காதுமடலைத் தூக்கிப் பார்த்தவர்கள் சரியாகச் சொல்லியிருப்பார்கள். உண்ணி.

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. ஏழு துறவிகள், பதினொரு மாடுகள், ஒரு சமையல்காரர். மடத்துத் தலைவரை அடிகள் என்று அழைப்பார்கள். அங்கே விதிகள் குறைவு. எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது முதல் விதி. தெரிந்து கொன்றவர் ஒரு மாதம் மாலைப் பூசையில் உட்கார முடியாது. பந்தியிலும் இடம் கிடையாது. கொசுவை அடித்துவிட்டு முப்பது நாள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் உண்டு.

மாடுகளை உமாபதி பார்த்துக்கொண்டார். நாற்பது வயதுக்காரர். மடத்துக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு ஆண்டுகள் கறிக்கோழிப் பண்ணையில் வேலை பார்த்தவர். எத்தனை கோழி என்று அவரை யாரும் கேட்டதில்லை. முதல் விதியை அவர் அளவுக்குப் பிடித்துக்கொண்டவரும் அங்கே இல்லை.

வாரம் இருமுறை மாடுகளுக்கு உண்ணி பிடுங்குவார். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகினால் வாய்ப்பகுதி உள்ளேயே நின்று புண்ணாகிவிடும். மொச்சைக் கொட்டை அளவுக்கு ஊதிய உண்ணிகளை ஒவ்வொன்றாகச் சிரட்டையில் போடுவார். மேலே ஓர் இலையை மூடுவார். மதிலைத் தாண்டிக் காட்டோரம் எடுத்துப்போய் விடுவார்.

முதலில் வெட்டவெளியில்தான் விட்டார். வெயில் பட்டு அவை சுருண்டு போனதைப் பார்த்தபின் இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு தேடித்தேடி ஓர் இடம் கண்டுபிடித்தார். நாலைந்து பெரிய மரங்கள். நல்ல நிழல். சருகு முழங்கால் ஆழம் கிடந்தது. கீழே எப்போதும் ஈரம். அதற்குப் பிறகு அவர் விட்ட உண்ணி ஒன்றுகூட வெயிலில் சாகவில்லை.

சமையல்காரர் மாசிலா அவரை உண்ணிகளுக்குத் தாய்மாமன் என்று கூப்பிடுவார். "மருமக்களை எல்லாம் பத்திரமா சேத்துட்டீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். உமாபதி சிரித்துக்கொள்வார்.

இப்படி மூன்று ஆண்டுகள் போயின.

மூன்றாம் ஆண்டு மாசி மாதம், செவலைப் பசுவுக்குக் காய்ச்சல் வந்தது. தீவனம் எடுக்கவில்லை. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. கால்நடை டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். உண்ணிக் காய்ச்சல் என்றார். மாட்டில் உண்ணி அதிகம் இல்லையே என்று வியந்தார். உமாபதி கொஞ்சம் பெருமையோடு தன் முறையைச் சொன்னார்.

டாக்டரம்மா பையை மூடிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். எந்த இடம், எத்தனை நாளாக, எவ்வளவு என்று கேட்டார். பிறகு, ஊதிய உண்ணி என்பது சூல் கொண்ட பெண் என்பதையும், நிழலில் விட்டால் அது என்ன செய்யும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். குஞ்சுகள் எலிமேல் ஏறும், குரங்குமேல் ஏறும். குரங்குக்கு ஒரு காய்ச்சல் இருக்கிறது. அதன் ரத்தத்தைக் குடித்த குஞ்சு அடுத்த வேளைக்கு மனிதனைக் கடித்தால் அந்தக் காய்ச்சல் மனிதனுக்கு வரும்.

"செவலைக்கு வந்ததும் அதுதானா?" என்று உமாபதி கேட்டார்.

"அது வேற நோய், இது வேற நோய். வண்டி ஒண்ணுதான்," என்றார் டாக்டரம்மா. "அந்தப் பக்கம் குரங்கு எதாவது செத்துக் கிடந்துச்சா?"

தை மாதம் இரண்டு கிடந்தன. உமாபதிதான் குழி தோண்டிப் புதைத்தார். அதைச் சொன்னார்.

"அங்க யாராவது போறாங்களா?"

நஞ்சி போகிறாள் என்றார் உமாபதி.

நஞ்சி பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவள். மாட்டுக் கொட்டகையில் மெத்தையாகப் போட மடத்துக்குச் சருகு அள்ளிக் கொடுப்பாள். இஞ்சித் தோட்டங்களுக்கும் கொடுப்பாள். அவளுடைய பத்து வயது மகள் மருதி சில நாள் கூட வருவாள். டாக்டரம்மா கேட்ட அன்று நஞ்சி காய்ச்சலோடு அரசு மருத்துவமனையில் கிடந்தாள். ஐந்தாம் நாள். காய்ச்சல் ஒருமுறை விட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மறுபடி வந்தது. பதினைந்தாம் நாள் இறந்துபோனாள்.

மடத்திலிருந்து அந்த வீட்டுக்குச் சோறு போனது. மருதியின் அப்பன் காபித் தோட்டத்து வேலைக்காரன், வாரம் ஒருமுறைதான் வருவான். வீட்டில் மருதியும் நான்கு வயதுத் தம்பியும் இருந்தார்கள். உமாபதி தூக்குப்போசியைக் கொண்டுபோய் வாசலில் வைப்பார். நேற்றைய போசியை எடுத்துக்கொண்டு திரும்புவார். பேச மாட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் காலை அவர் போசியோடு நேராகக் கொட்டகைக்கு வந்தார். அடிகள் அங்கே செவலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மருதி அம்மாவின் கூடையை எடுத்துப் பின்னிக்கொண்டிருக்கிறாள் என்றார் உமாபதி. நாளையிலிருந்து சருகு அள்ளப் போகிறாளாம். அத்தைக்காரி சொன்னாள்.

"எங்க போறா?"

"நஞ்சி போன அதே இடம்."

அடிகள் மாட்டைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"போக வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், ஐயா. ஏன்னு கேட்டா. பாம்பு இருக்குன்னேன்."

"என்ன சொன்னா?"

"சிரிச்சா. பாம்பு எப்பவும் இருக்குதே சாமின்னா."

"அப்ப உண்மையைச் சொல்லு."

உமாபதி கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் பேசினார். காட்டில் உண்ணி முன்பே இருந்தது. குரங்கு எங்கேயும் போய் எங்கேயும் சாகும். நஞ்சி பத்து இடங்களில் சருகு அள்ளினாள். இந்த உண்ணிதான் அவளைக் கடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். பிறகு ஏன் அந்தப் பிள்ளையிடம் போய் அதைச் சொல்ல வேண்டும்? சொன்னால் குடியிருப்பில் ஒருவரும் மடத்தின் பக்கம் வர மாட்டார்கள்.

"இந்த உண்ணிதான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஐயா."

"முடியாது," என்றார் அடிகள்.

கொட்டகை ஓரத்தில் அன்று காலை பிடுங்கிய உண்ணிகள் சிரட்டையில் இருந்தன. டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து உமாபதி அவற்றை எங்கும் விடவில்லை. ஒரு மூடிபோட்ட பானையில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். அடிகள் சிரட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எப்பவும் விடுற இடத்துல விட்டுட்டு வா."

உமாபதி நகரவில்லை.

"ஏன் நிக்கிற? யாராலயும் சொல்ல முடியாதுன்னியே."

சிரட்டையில் உண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முயன்று விழுந்துகொண்டிருந்தன. உமாபதி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அடிகள் கேட்காததையும் சொன்னார்.

"அந்த இடத்தை நஞ்சிக்குக் காட்டினதே நான்தான். போன வருசம். கூடை நிறைய நாளெல்லாம் ஆகுதுன்னா. அங்க சருகு ஆழமா கிடக்குது, ஒரு மணி நேரத்துல ரொம்பிடும்னு சொன்னேன்."

அடிகள் சிரட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சமையலறைக்குப் போனார். மாசிலாவிடம் கொதிக்கும் வெந்நீர் கேட்டார். மாசிலா குளிப்பதற்கு என்று நினைத்து, விளாவி எடுத்து வரவா என்றார். வேண்டாம், அப்படியே கொடு என்றார் அடிகள். சிரட்டையை வெந்நீரில் கவிழ்த்தார். பானையில் சேர்ந்திருந்ததையும் கொட்டினார்.

மாலைப் பூசையில் அடிகள் உட்காரவில்லை. பந்திக்கும் வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மற்ற துறவிகள் உள்ளே தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். உமாபதி தன் தட்டோடு வெளியே வந்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"ஐயா, இதுல பாவம் யாருக்கு? எனக்கா, விதி போட்ட மடத்துக்கா?"

"அதை நாம மெதுவா பங்கு போட்டுக்கலாம். அந்தப் பொண்ணு நாளைக்குக் காலையில காட்டுக்குப் போறா."

உமாபதி சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"நான் எல்லாத்தையும் சொன்னா அவ என்னை மன்னிப்பாளா?"

"அதை வாங்கிட்டு வரவா போற?"



மறுநாள் விடிந்ததும் உமாபதி புறப்பட்டார். ஒரு கையில் தூக்குப்போசி. மறு கையில் சுகாதார நிலையத்தில் வாங்கிய எண்ணெய்ப் புட்டி. காட்டுக்குப் போகிறவர்கள் உண்ணி ஏறாமல் பூசிக்கொள்வதற்கு அங்கே கொடுப்பார்கள். யாரும் வந்து கேட்பதில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

மருதி வாசலில் தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்த கூடை பக்கத்தில் இருந்தது.

உமாபதி தரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். சிரட்டையைப் பற்றிச் சொன்னார். முட்டைகளைப் பற்றிச் சொன்னார். குரங்குகளைப் புதைத்ததைச் சொன்னார். அவளுடைய அம்மாவுக்கு இடம் காட்டியதைச் சொன்னார். டாக்டரம்மா உறுதியாகச் சொல்ல முடியாது என்றதை மட்டும் சொல்லவில்லை.

மருதி சீப்பைக் கீழே வைக்காமல் கேட்டாள். தம்பி நெளிந்தபோது ஒருமுறை அவன் தலையைப் பிடித்து நேராக வைத்தாள்.

"வெயில்ல விட்டா செத்துரும்னு நிழல் பாத்து விட்டீங்களா, சாமி?"

"ஆமா."

"நல்ல நிழல் அது," என்றாள் மருதி.

உமாபதி தரையைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. எனக்கே அவ ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுதான் தெரிஞ்சுது."

அவள் தம்பிக்குத் தலை வாரி முடித்தாள். எண்ணெய்ப் புட்டியைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டாள். உமாபதி விளக்கினார். கை, கால், கழுத்து, காதுக்குப் பின்னால் பூச வேண்டும். சில மணி நேரம்தான் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றி வெந்நீரில் போட வேண்டும். சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் நசுக்கக் கூடாது, நேராக இழுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருதி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் அங்கே போகவே தேவையில்லை என்றார் உமாபதி. இரண்டு பேருக்கும் மூன்று வேளைச் சோறும் மடத்திலிருந்து வரும். அவள் பெரியவளாகும்வரை வரும். தானே கொண்டுவருவதாகச் சொன்னார்.

மருதி தம்பியை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். தூக்குப்போசியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். எண்ணெயைக் கையிலும் காலிலும் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் பூசிக்கொண்டாள். கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.