செண்பகத் தெரு போய்ச் சேர்ந்த கதை

கோணலூர் நகரமாக வளர்ந்தபோது, வீடு கட்டியவர்களெல்லாம் தங்கள் வாசலுக்கு மட்டும் ஒரு தெருவைப் போட்டுக்கொண்டார்கள். அதை அடுத்த தெருவோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. நாற்பது வருஷத்தில் அறுபது தெரு. பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. அதில் செண்பகத் தெரு ஒரு மதிலில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அங்கே குடியிருந்த பவளக்கொடிக்குத் தலைபோகிற அவசரம். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். முறுக்கு சுட வேண்டும், சிலிண்டர் காலி. கேஸ்காரரோ போனிலேயே கையை விரித்துவிட்டார்.

"போன மாசம் உங்க முட்டுச்சந்துல மாட்டி ரெண்டு மணி நேரம் ரிவர்ஸ் எடுத்தேன்மா. உங்க தெரு மெயின் ரோட்டுல போய்ச் சேரணும். சேர்ந்த மறுநாளே கொண்டாறேன்."

பவளக்கொடி பாதியை முழுங்கிவிட்டுத் தெருச் சங்கத்தில் மீதியைச் சொன்னாள். "நம்ம தெரு போய்ச் சேர்ந்தாத்தான் சிலிண்டராம்."

தலைவர் சடையாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்ன வயசுதானே. நாற்பதுகூட முடியலை."

"நேரம் வந்துட்டா தெருன்னு பார்க்குமா?" என்றார் செயலாளர் தொப்பளான். "உயிர் எங்க இருக்குன்னுதான் பிடிபடலை."

"பெயர்ப்பலகையிலதாண்ணே," என்றாள் பவளக்கொடி. "அது இல்லாட்டி இதை யாரு தெருன்னு சொல்லப்போறா?"

பலகையைப் பிடுங்கிக் குளிப்பாட்டி, மாலை போட்டுப் பாடையில் வைத்தார்கள். சங்கு ஊதினார்கள். பவளக்கொடி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நடுவே, முறுக்கு மாவுக்கு உப்புப் போட்டோமா என்றும் ஒரு யோசனை.

சுடுகாடு மதிலுக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டோரம். தெருவின் மறுமுனை வழியாகச் சுற்றினால் ஆறு கிலோமீட்டர்.

"சுத்தியே போயிடலாமா?" என்றார் தொப்பளான்.

"தூக்கின பாடையைத் திருப்பக் கூடாதுய்யா. விவரம் கெட்ட ஆளா இருக்கியே," என்றார் சடையாண்டி.

மதிலை இடித்துத் தள்ளிவிட்டு, நேராகப் போய் எரித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை கேஸ் வண்டி அந்த வழியாகவே ஜம்மென்று உள்ளே நுழைந்து பவளக்கொடி வாசலில் நின்றது.

"ஒருவழியா போய்ச் சேர்ந்துடுச்சும்மா," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி சிலிண்டரை இறக்கினார் கேஸ்காரர்.

"சிரிச்சுக்கிட்டே துக்கம் விசாரிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பவளக்கொடி. "முதல்ல அதை வண்டியில ஏத்துங்க. எழவு விழுந்த தெருவுல அடுப்புப் பத்த வைப்பாங்களா? மக நிச்சயத்தையே தள்ளி வெச்சாச்சு. பதினாறு கழிச்சு வாங்க. இப்ப கிளம்பும்போது 'வரேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க."