ஒத்தை பேஸும் பாவாயியின் ஷாஃப்ட்டும்

ஊமத்தங்காடு என்று ஓர் ஊர். நல்ல தண்ணீர் உண்டு, கரும்பு உண்டு, நாளைக்கு நாலு தடவை பஸ் உண்டு. யோசனைதான் கொஞ்சம் பற்றாக்குறை. இருந்த கொஞ்சத்தையும் மூன்று பேர் சேர்ந்து தீர்த்துவிட்டார்கள்.

மூத்தவன் பொங்கியண்ணன். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷம் லேத் ஓட்டியவன். இரும்புத் தண்டைச் சுழலவிட்டு அளவு பிசகாமல் கடைந்தெடுப்பதில் அவன் கையைக் குறை சொல்ல முடியாது. கையைத்தான் சொல்கிறேன், கழுத்துக்கு மேலே இருப்பதற்கு நான் ஜவாப்தாரி இல்லை. மற்ற இரண்டு பேர் அவன் மச்சினன்மார், அர்த்தநாரியும் செம்மலையும். அக்காவைக் கட்டிக்கொடுத்ததோடு நிற்காமல் தங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட்டவர்கள்.

மூடிப்போன மில் ஒன்றிலிருந்து பழைய லேத் மெஷின் ஏலத்துக்கு வந்தது. மூவரும் போய் எடுத்துவிட்டார்கள். வாசற்படியில் நுழையவில்லை என்று சுவரை இடித்து வீட்டுக்குள் வைத்தார்கள். தென்னந்தோப்பில் வைத்திருக்கலாம், கொட்டகை போட்டிருக்கலாம். ஆனால் மில்காரர் "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தாரே!

முதல் வேலை பாவாயி அக்காவிடமிருந்து வந்தது. தனியாளாக நின்று இரண்டு ஏக்கர் கரும்பு வளர்த்தவர். கரும்பை வெட்டிக் களத்தில் போட்ட அன்றைக்கே அவருடைய ஆலையின் ஷாஃப்ட் இரண்டாக உடைந்துவிட்டது. ஆலையின் உருளைகளைச் சுற்றவைக்கும் இரும்புத் தண்டு அது. டவுன் பட்டறையில் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். வெட்டிய கரும்பு நாலைந்து நாளுக்கு மேல் கிடந்தால் சாறு புளித்துவிடும், வெல்லம் பிடிக்காது. ஒரு வருஷப் பாடு வீண்.

"டேய் பொங்கியா, அஞ்சாம் நாள் காலையில நான் அடுப்புப் பத்தவெச்சாகணும். முடியுமா, முடியாதா?" என்று புது இரும்புத் தண்டையும் உடைந்த ஷாஃப்ட்டையும் இறக்கிப் போட்டார்.

"மெஷின் இருக்கறப்ப என்னுங்கக்கா கவலை?" என்றான் பொங்கியண்ணன். நியாயமான பதில்தான். மெஷின் இருந்தது.

சுவிட்சைப் போட்டார்கள். லேத் "உம்ம்ம்" என்று உறுமியது. சுற்றவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடி உறுமியது. செம்மலை அதன் முன்னால் சூடம் கொளுத்தினான். அதற்கும் உறுமல்தான்.

எலெக்ட்ரிக் கடை டேவிட் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், இது மூணு பேஸ் மோட்டார். உங்க வீட்டுக்கு வர்றது ஒத்தை பேஸ். பல்பும் ஃபேனும் ஓடும், இது ஓடாது. கரண்டு ஆபீஸ்ல மூணு பேஸ் கனெக்‌ஷன் எழுதி வாங்குங்க, இல்லேன்னா மோட்டாரை மாத்துங்க. அதுவரைக்கும் அந்த சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகாதீங்க."

டேவிட் போனதும் மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் சம்மணம் போட்டால் நாம் எழுந்து ஓடிவிடுவது நல்லது.

"மூணு ஆள் ஒரு நாள்ல வெட்டற வாய்க்காலை ஒத்தை ஆள் எத்தனை நாள்ல வெட்டுவான்?" என்று கேட்டான் அர்த்தநாரி.

"மூணு நாள்ல," என்றான் செம்மலை.

"அப்ப ஒத்தை பேஸ் மூணு நாள் வேலை செஞ்சா?"

பொங்கியண்ணன் விரல் விட்டு எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான். "ஒரு நாள் மூணு பேஸ் வந்ததுக்குச் சமம்!" என்று எழுந்து அர்த்தநாரியைக் கட்டிக்கொண்டான். "இது அந்த டேவிட்டுக்குத் தெரியல பாரு. கடை மட்டும் வெச்சிருக்கான்!"

எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

வீட்டில் வேறு எதுவும் கரண்டைக் குடித்துவிடக் கூடாதென்று பல்பு, ஃபேன், மிக்ஸி எல்லாவற்றையும் கழற்றித் தெருவில் வைத்தார்கள். சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது என்று டேவிட் சொன்னதை மறக்கவில்லை. பெஞ்சின் மேல் மல்லாந்து படுத்து இடது காலின் கட்டை விரலால் செம்மலை சுவிட்சைப் போட்டான். லேத் உறுமியது. அடுத்த நிமிஷம் பியூஸ் போய்விட்டது.

"பியூஸ் சோம்பேறி. மெல்லிசுக் கம்பி, எப்படித் தாங்கும்?" என்றான் அர்த்தநாரி. கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பியை மூன்றாக மடித்து அந்த இடத்தில் முறுக்கி வைத்தான். இப்போது பியூஸ் போகவில்லை. அரை மணியில் மோட்டாரிலிருந்து புகை வந்தது.

"மாமா, புகையுது!"

"ஒத்தை ஆள் மூணு ஆள் வேலை செஞ்சா மூச்சு வாங்காதாடா? விசிறு."

துண்டை எடுத்து விசிறினார்கள். கொஞ்ச நேரத்தில் புகை நின்றது, உறுமலும் நின்றது. கருகிய வாடை மட்டும் வந்தது. மோட்டார் செத்துப்போனது மாடத்துப் பல்லிக்குக்கூடத் தெரிந்திருக்கும். இவர்களோ, முதல் நாள் வேலையை முடித்துவிட்டு அது ஓய்வெடுப்பதாக முடிவு செய்தார்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் முறை வைத்து, சத்தம் போடாமல், அந்தப் பிணத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் நாள் காலையில் பாவாயி வந்தார். தண்டு போட்ட இடத்திலேயே கிடந்தது. மூன்று பேரும் மோட்டாரைச் சுற்றி நின்று துண்டால் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்கக்கா, மூணு நாள் இப்பத்தான் முடிஞ்சுது, இனி எழுந்துருமுங்க," என்றான் செம்மலை.

பாவாயி மோட்டாரை மோந்து பார்த்தார். பிறகு அவர் பேசியதில் அச்சில் போடக்கூடியது இவ்வளவுதான்: "அட எருமைகளா! களத்துல என் கரும்பு காயுதேடா! மழை இல்லாத காலத்துல கொடத்துல மொண்டு ஊத்தி வளர்த்ததுடா!" சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டு மூவரும் அழுதார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் அடித்தாவது விரட்டலாம்.

பாவாயிக்கு மூளை இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்த மோட்டாரைக் கழட்டி வீசுங்க. என் ஆலையை ஓட்டற டீசல் எஞ்சின் சும்மாதானே நிக்குது? அதைக் கொண்டாந்து லேத்துக்கு பெல்ட் மாட்டுங்க. கரண்டும் வேண்டாம், பேஸும் வேண்டாம்."

மூவரும் அவரைச் சாமி வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"ஆனா ஒண்ணு," என்று விரலை நீட்டினார் பாவாயி. "கடைஞ்சு முடிச்சதும் எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் நீங்களே கொண்டாந்து மாட்டிரோணும். என் ஆலை இப்ப எப்படி இருக்குதோ, அச்சு அசலா அப்படியே இருக்கோணும். ஒரு போல்ட் இடம் மாறியிருந்தாலும் தொலைச்சுப்புடுவேன். நான் ஆள் கூப்பிடப் போறேன்."

டிராக்டரில் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். பெல்ட் மாட்டினார்கள். லேத் சுற்றியது! பொங்கியண்ணன் உளியைப் பிடித்தான். உடைந்த ஷாஃப்ட்டை அளந்து அளந்து புதுத் தண்டைக் கடைந்தான். மூன்று மணி நேரத்தில் முகம் பார்க்கிற மாதிரி ஒரு ஷாஃப்ட் பிறந்தது. ஒரு நூல் பிசகில்லை. திட்டிக்கொண்டே வந்த நான்கூட இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

மத்தியானமே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டார்கள். பொழுது சாயும்வரை அங்கிருந்து சுத்தியல் சத்தமும் அறுக்கிற சத்தமும் கேட்டது. பொறுப்பாக வேலை செய்கிறார்கள் என்று பாவாயி நிம்மதியாகத் தூங்கப் போனார்.

ஐந்தாம் நாள் காலை. பாவாயி அடுப்பைப் பற்றவைத்தார். கொப்பரை ஏறியது. எட்டு ஆட்கள் கரும்புக் கட்டோடு வரிசையில் நின்றார்கள். எஞ்சினை முடுக்கினார்கள், "டுக் டுக் டுக்" என்று கிளம்பியது, பெல்ட் ஓடியது, பெரிய சக்கரம் சுற்றியது. உருளைகள் மட்டும் அசையவில்லை.

பாவாயி குனிந்து பார்த்தார். வெள்ளிபோல் மின்னிய புது ஷாஃப்ட், இடது முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாய்வாக இரண்டு துண்டாகக் கிடந்தது.

"அச்சு அசலா அப்படியே இருக்குதுங்களாக்கா?" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டான் பொங்கியண்ணன். "பழைய உடைசலைப் பக்கத்துல வெச்சு அளந்துதான் அறுத்தோம். நாலு அக்சா பிளேடு போயிருச்சுங்க."

பாவாயியின் கையில் இருந்த கரும்பு மெதுவாக உயர்ந்தது.

அர்த்தநாரி அவசரமாக முன்னால் வந்தான். "கோவிச்சுக்காதீங்கக்கா, நீங்க எதைப் பார்க்கறீங்கன்னு தெரியுது. பழசுல இருந்த துரு இதுல இல்லை, ஒத்துக்கறோம். ரெண்டு மழை பேஞ்சா அதுவும் வந்துருமுங்க."