இரும்பு வாயால் சொல்லாதது

அந்தக் காலத்தில் மீனும் மரமும் மட்டுமல்ல, இரும்பும் பேசும். பொய் சொல்ல மட்டும் அதற்குத் தெரியாது, அதுதான் வம்பு. துரு என்ற ஒன்றை அப்போது யாரும் கண்டதே இல்லை.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தோணிப் பட்டறை. நல்லபெருமாள் ஆசாரியும் தீத்தாரப்பன் ஆசாரியும் கூட்டாக நடத்தினார்கள். அங்கே வார்ப்பிரும்பில் ஒரு பெரிய இழைப்பு எந்திரம் இருந்தது. நல்லபெருமாள் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே கத்தி உருளும், தீத்தாரப்பன் பலகையைத் தள்ளுவார். தள்ளுகிறவர் வாயில் எந்நேரமும் ஆணி. அதனால் 'ம்' என்றால் சுற்று, 'ம்ஹும்' என்றால் சுற்றாதே. இருவருக்கும் அவ்வளவுதான் பாஷை.

ஒருநாள் காலையில் கத்தியில் சிராய் சிக்கியது. தீத்தாரப்பன் இடது கையை எந்திரத்தின் மேடையில் ஊன்றிக்கொண்டு வலது கையை உள்ளே விட்டார். சுற்றலாமா என்று நல்லபெருமாள் கேட்டார். 'ம்ஹும்' என்று பதில் வந்தது. கடல் காற்றில் அவர் காதில் விழுந்தது 'ம்' மட்டும்தான். சுற்றிவிட்டார்.

துணி கிழித்துக் கட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. நல்லபெருமாள் கெட்டவர் அல்ல, பயந்தவர். பயந்தவன் செய்வது சில நேரம் கெட்டவன் செய்வதைவிட மோசம். உடலில் கல்லைக் கட்டி ஆழத்தில் இறக்கினார். மேடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது எந்திரம் பேசியது.

"அவன் ம்ஹும் என்றான்."

நல்லபெருமாள் அதன் காலில் விழுந்தார். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் கேட்டார். ஓர் இரும்பு சத்தியம் செய்தால் உலகத்து இரும்பெல்லாம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனாலும் தினமும் துடைத்துப் பேணியவர் கெஞ்சுகிறார்.

"சரி. இனி வாயால் சொல்லமாட்டோம்" என்றது எந்திரம்.

தீத்தாரப்பன் மனைவி உலகம்மாள் தேடி வந்தாள். அவர் கொழும்புத் தோணியில் போய்விட்டார் என்றார் நல்லபெருமாள். எந்தத் தோணி, சாப்பிட்டாரா, உளிப்பையை ஏன் விட்டுப்போனார் என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் கிடைத்தது. அதற்குப் பிறகு கரைக்கு வரும் தோணிக்கெல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் வாழ்வது கொடுமை, அதை எதிரிக்கும் நினைக்கக் கூடாது.

தீத்தாரப்பன் இறந்த மறுநாளே எந்திரத்தின் மேடையில் செம்மண் நிறத்தில் ஓர் இடது கை பூத்திருந்தது. சுண்டுவிரல் பாதி இல்லை. தீத்தாரப்பனுக்கு உளி பட்டுப் போன விரல் அது. நல்லபெருமாள் புளி வைத்துத் தேய்த்தார், செங்கல் பொடியால் தேய்த்தார். மேடை பளபளத்தது. விடிந்தால் அதே கை, முன்னைவிட ஆழமாக. ஒருநாள் சக்கரத்தின் பிடியிலும் இரண்டு கைகள் பூத்தன. அவை அவருடையவை.

அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் உலகம்மாள் உள்ளே வந்தாள். மேடையைப் பார்த்தாள். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"கடைசியா என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

"ம்ஹும்னு சொன்னாரு தாயி. எனக்கு ம்-னு கேட்டுச்சு."

அவள் வீட்டுக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பினாள். குங்குமம் அழிந்திருந்தது. இறந்தவர் தலையில் எண்ணெய் வைத்து அனுப்புவது முறை. வைக்கத் தலை இல்லை. அந்தக் கையின் மேல் எண்ணெயை ஊற்றி, ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டு, வாய்விட்டு அழுதாள். அதற்குமேல் அந்தக் கை வளரவில்லை.

அவள் துருவிக் கேட்டதற்கு வந்த பதில் என்பதால் அந்தச் சிவப்புக்குத் துரு என்று பெயர் விழுந்தது. அன்று முதல்தான் இரும்பு பேசுவதில்லை, வெறுங்கையால் தொட்டவர் கையை மட்டும் மறுநாள் காட்டிக்கொடுக்கிறது. அன்று முதல்தான், எவ்வளவு சுரண்டினாலும் கடைசியில் எண்ணெய் வைத்தால்தான் அது அடங்குகிறது.