டிரம்ஸ் இல்லாத பதிவு

ஸ்தனிஸ்லாஸ் இருபத்திரண்டு வருடம் சினிமா இசைக்குழுக்களில் டபுள் பேஸ் வாசித்தவர். ஆளுயரத் தந்தி வாத்தியம். அதை அணைத்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் எப்போதும் ஒரு டிரம்மர் இருப்பார். அவருடைய அடியைப் பிடித்துக்கொண்டே காலம் ஓடிவிட்டது.

ஐம்பது வயதில் ஜாஸ் கற்க ஆசை வந்தது. பியானோ வாசிக்கும் கிரேஸ்லினிடம் போய்ச் சேர்ந்தார். கிரேஸ்லின் ஒன்பது வயது இளையவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே ஸ்தனிஸ்லாஸுக்கு அவர் 'டீச்சர்'தான்.

மூன்றாம் வருடம் கிரேஸ்லின் ஓர் ஆல்பம் செய்ய முடிவெடுத்தார். பியானோ, பேஸ், இளைஞன் பவித்ரனின் கிட்டார். டிரம்ஸ் கிடையாது.

சாலிகிராமத்தில் சின்ன ஸ்டுடியோ. கை நீட்டினால் தொடும் தூரத்தில் மூவரும் இருந்தார்கள். முதல் பாட்டை மூன்று முறை வாசித்தார்கள். மூன்று முறையும் பாதியில் ஸ்தனிஸ்லாஸின் வேகம் கூடி, மற்றவர்களை முந்தி ஓட ஆரம்பித்தார்.

"டீச்சர், ஹெட்போன்ல தாளத்துக்கு ஒரு கிளிக் சத்தம் வைக்கச் சொல்லுங்க."

"வேண்டாம்."

"அப்ப வேற ஆளை வச்சுக்குங்க. உங்க ஆல்பத்தை நான் கெடுத்துடுவேன்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"டிரம்ஸ் இல்லாம தாளத்தை யாரு பிடிக்கிறது?"

"இன்னொரு தடவை போகலாம்" என்றார் கிரேஸ்லின்.

இந்த முறை ஸ்தனிஸ்லாஸ் டீச்சரின் இடது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். பாட்டின் நடுவில் அந்தக் கை மடிக்கு இறங்கியது. வலது கையும் இறங்கியது. பியானோ நின்றுவிட்டது.

டீச்சர் மறந்துவிட்டாரா? நிறுத்தலாமா? ஸ்தனிஸ்லாஸ் பவித்ரனைப் பார்த்தார். அவன் கண்ணை மூடியிருந்தான். ஒரு சுரத்தை நீட்டி, மூச்சை விட்டு, அடுத்ததைத் தொட்டான்.

அந்த மூச்சு அவருக்குக் கேட்டது. காலையிலிருந்து கேட்காதது. அது முடிந்த இடத்தில் ஒரு கம்பியைச் சுண்டினார். பிறகு இன்னொன்று. பவித்ரன் கண் திறக்காமலே சிரித்தான். வேகம் கூடவில்லை.

ஒரு நிமிடம் போயிருக்கும். அவர் அடுத்த கம்பியைச் சுண்டிய அதே கணத்தில் பியானோ வந்து சேர்ந்தது. மயிரிழையும் பிசகவில்லை.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து, "இது போதும் மேடம், இதையே வச்சுக்கலாம்" என்று ஒலிப்பதிவாளரின் குரல் வந்தது.

ஸ்தனிஸ்லாஸ் பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

"டீச்சர், அவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருந்தீங்க. எப்படிச் சரியா அந்த இடத்துல வந்தீங்க? மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தீங்களா?"

"நான் எதுக்கு எண்ணணும்?" என்றார் கிரேஸ்லின். "நீங்கதான் வாசிச்சுக்கிட்டு இருந்தீங்களே."