வேரில்லாத பச்சை

கேட்க வந்தவர்களே, கொன்றையூரை ஏகவீரன் என்ற ராஜா ஆண்ட காலத்தில் நடந்தது இது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. கேட்டு முடித்தால் உங்களுக்கும் எரியும்.

ராஜாவின் தாயார் தன் கையால் நட்ட மாமரம் ஒன்று அரண்மனைத் தோப்பில் நின்றது. ஏழு பெருங்கிளைகள். அதில் காய்ப்பதெல்லாம் ஊரிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கண்ணை மூடினாள். இறந்தவர் நட்ட மரத்தில் இரும்பு படக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

தோப்புக்குக் காவல் உலகாயி. அவளுக்கு மேலே மணியக்காரர் தாண்டவர். மரத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத மனிதர். ராஜாவின் முகம் பார்த்துப் பேச மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் ஒரு குட்டிக் குருவி, எங்கேயோ தின்ற புல்லுருவிப் பழத்தின் விதையை மாங்கிளையில் தேய்த்துவிட்டுப் போனது. விதை பசைபோல ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துப் போட உலகாயி மரத்தில் கால் வைத்தாள்.

“தாயார் மரத்துல காலை வைக்கிறியா? ஒரு விதைக்கா இத்தனை பாடு? இறங்குடி!” என்று தாண்டவர் அதட்டினார்.

இறங்கினாள். விதை சும்மா இருந்ததா? பச்சை விரல்போல ஒன்றை வெளியே நீட்டியது. அந்த விரல் வளைந்து பட்டையைத் தொட்டது. தொட்ட இடத்தில் நுனி தட்டையாகி அழுந்தியது. அழுந்திய இடத்தில் துளைத்து உள்ளே போய், மரம் பாடுபட்டு மேலே ஏற்றும் தண்ணீரில் வாயை வைத்தது.

மறு வருடம் அது இலை விட்டது. உலகாயி திரும்பப் போய்ச் சொன்னாள். “பச்சையா ஒண்ணு துளிர்த்தா உனக்குப் பொறுக்காதே!” என்றார் தாண்டவர்.

மூன்றாம் வருடம் அது புதரானது. அதன் பழத்தைத் தின்ற குருவிகள் இன்னும் மூன்று கிளைகளில் விதையை ஒட்டிவிட்டன. “மரம் சாகுதுங்கய்யா!” என்று உலகாயி அழுதாள். ராஜாவிடம் தானே சொல்வதாகத் தாண்டவர் சொன்னார். சொன்னாரா? எங்கே சொன்னார்!

இன்னும் இரண்டு வருடம் போனது. ஒரு கத்திரி வெயிலில் ராஜாவே தோப்புக்கு வந்தார். தோப்பெல்லாம் வாடிக் கிடக்க, தாயார் மரத்தில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பச்சை, நடுவே சிவந்த பூக்கள். “எல்லாம் தாயாரோட ஆசி, மகாராஜா!” என்றார் தாண்டவர், கொஞ்சமும் கூசாமல். ராஜா மனம் குளிர்ந்து தன் பட்டுச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். மரத்துக்கு நூறு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

உலகாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊத்துங்க சாமி, நல்லா ஊத்துங்க! குடிக்கப்போறது மரமில்லை!”

“என்ன சொன்னாய்?” என்றார் ராஜா.

“அந்தப் பச்சைக்கு வேர் எங்கேன்னு மணியக்காரரைக் காட்டச் சொல்லுங்க. காட்டிட்டார்னா நான் இந்த நாட்டை விட்டே போயிடுறேன்.”

தாண்டவர் ஆள்விட்டுக் கிழக்கே தோண்டினார், மாவேர். மேற்கே தோண்டினார், மாவேர். தெற்கேயும் அதே மாவேர்தான். ராஜா ஏணி வைத்துத் தானே ஏறினார். புதர் உட்கார்ந்திருந்த இடத்தில் கிளை கட்டிபோல வீங்கி வெடித்திருந்தது. அதற்கு அப்பால் கை வைத்ததும் கிளை விறகாக ஒடிந்தது.

“அரிவாள் கொண்டுவா!”

“இரும்பா மகாராஜா? அதுவும் தாயார் மரத்துல?” என்று பதறினார் தாண்டவர்.

“என் அம்மா நட்டது மாமரத்தை. நாம் வழக்கம் பேசிக் காப்பாற்றியது அதைத் தின்கிறதை!” என்றார் ராஜா.

புல்லுருவியின் இலையை மட்டும் கிள்ளினால் மறுபடி தழைக்கும் என்று உலகாயி சொன்னாள். அதனால் வீக்கத்துக்கு ஒரு முழம் கீழே, நல்ல மரத்தோடு சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. ஏழு கிளைகளில் நான்கு போயின. அந்த வருடம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரு மாங்காய் கிடைக்கவில்லை. தாண்டவருக்கு மணியமும் போனது, சால்வையும் போனது. போகட்டும், கிளை திரும்பி வருமா?

வெட்டிக் கிடந்ததைப் பார்த்தபடி ராஜா கேட்டார்: “முதல் நாளே எடுத்திருந்தால் எவ்வளவு வேலை பிடித்திருக்கும்?”

உலகாயி தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். “இதால ஒரு துடைப்பு, சாமி.”

ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறதை முதல் நாளே துடைத்து எறியாமல் விடுவது இரக்கமும் அல்ல, பக்தியும் அல்ல. சுமக்கிறவருக்குச் செய்யும் துரோகம்.